பிரிந்த ஜோடி திரும்பச் சேர்வதை வாசகர் எப்போது நம்புவார்?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காதலித்துப் பிரிந்த இருவர் ஏழு வருஷம் கழித்துச் சந்தித்து, கடைசியில் சேர்கிற மாதிரி ஒரு நாவல் எழுதியிருக்கிறீர்கள். படித்தவர்கள் எல்லோரும் "எழுத்து நல்லா இருக்கு, ஆனா இவங்க ஏன் திரும்பச் சேர்ந்தாங்கன்னுதான் ஒட்டவே இல்ல" என்கிறார்கள். காதல் காட்சிகளை இன்னும் கூட்ட வேண்டுமா என்று கேட்கிறீர்கள்.

வேண்டாம். காதல் போதாமல் இந்தக் கதை தடுமாறவில்லை. இருவருக்கும் இன்னும் ஆசை விட்டுப்போகவில்லை என்பதை வாசகர் முதல் அத்தியாயத்திலேயே ஒத்துக்கொண்டுவிடுவார், அதற்காகத்தான் இந்த வகைக் கதையையே கையில் எடுக்கிறார். அவருடைய சந்தேகம் வேறு: போன தடவையும் காதல் இருந்ததே, இருந்தும்தானே பிரிந்தார்கள், அன்றைக்குப் போதாத காதல் இன்றைக்கு மட்டும் எப்படிப் போதும்? இதற்குப் பதில் சொல்லாமல் இன்னும் பத்து முத்தக் காட்சி வைத்தாலும் அந்தச் சந்தேகம் கூடத்தான் செய்யும். எது அவர்களைப் பிரித்ததோ அதே விஷயம் திரும்ப வந்தால் இந்த முறை வேறு மாதிரி நடக்கும் என்று காட்டியாக வேண்டும். செகண்ட் சான்ஸ் கதையில் மற்ற எல்லாமே அதற்கு அப்புறம்தான் என்பது என் கருத்து.

ஆகவே நீங்கள் முதலில் திரும்பப் படிக்க வேண்டியது பிரிவுக் காட்சியை. ஏன் பிரிந்தார்கள் என்று ஒரே வரியில் எழுதிப் பாருங்கள். "யாரோ அனுப்பின போட்டோவைப் பார்த்து அவள் தப்பா நினைச்சுட்டா" என்று வந்தால், ஒரு போன் காலில் முடிகிற விஷயத்துக்கு ஏழு வருஷம் கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். வாசகருக்கு இருவர் மேலும் எரிச்சல்தான் வரும். அதற்காகத் தவறான புரிதலே கூடாது என்று சொல்லவில்லை. அந்தப் போட்டோவை அவள் ஏன் அவ்வளவு சீக்கிரம் நம்பினாள், அவன் ஏன் ஒரு வார்த்தை விளக்கம்கூடச் சொல்ல வரவில்லை என்று ஒரு அடி கீழே தோண்டுங்கள். எப்படியும் ஒருநாள் விட்டுவிட்டுப் போகத்தான் போகிறான் என்ற பயம் அவளுக்கு முன்பே இருந்திருக்கும், தன் பக்கத்து நியாயத்தைச் சொல்லிக் கெஞ்சுவது கேவலம் என்ற வீம்பு அவனுக்கு இருந்திருக்கும். அந்தப் பயமும் வீம்பும்தான் உங்கள் கதை, போட்டோ வெறும் சாக்கு. ஏழு வருஷம் கழித்துப் போட்டோ பொய் என்று நிரூபித்துவிட்டு எல்லாம் சரியாகிவிட்டது என்று முடித்தால், பயமும் வீம்பும் அப்படியே மிச்சம் இருக்கும், அடுத்த போட்டோ எப்போது வருமோ என்றுதான் வாசகர் புத்தகத்தை மூடுவார்.

பழியை வெளியே தள்ளிவிடுவது ரொம்பப் பழைய உத்தி. மகாபாரதத்தின் ஆதிபர்வத்தில் வரும் சகுந்தலை கதையில் சாபமும் கிடையாது, மோதிரமும் கிடையாது. துஷ்யந்தனுக்கு எல்லாமே நினைவிருக்கிறது. மகனோடு சபையில் வந்து நிற்பவளைத் தெரிந்துகொண்டே தெரியாது என்கிறான், அசரீரி வந்து சாட்சி சொன்ன பிறகு, எனக்கும் தெரியும், உன் பேச்சை மட்டும் நம்பி ஏற்றால் ஜனங்கள் சந்தேகப்படுவார்கள் என்றுதான் அப்படிச் சொன்னேன் என்கிறான். இதை நாடகமாக்கிய காளிதாசன் துர்வாசரின் சாபத்தையும் மோதிரத்தையும் கொண்டுவந்தான், சாபத்தால் ராஜா அவளை மறந்தான், மோதிரத்தைப் பார்த்ததும்தான் நினைவு வந்தது என்று ஆனது, ராஜா ஒரே அடியில் நிரபராதி ஆகிவிட்டான். இன்றைய தொடர்கதைகளில் ஆக்சிடென்ட் ஆகி ஹீரோவுக்கு ஞாபகம் போகிறதே, அதற்கெல்லாம் தாத்தா இந்தச் சாபம்தான்.

ஆனால் காளிதாசன் அதோடு விடவில்லை, நாம் கற்றுக்கொள்ள வேண்டியது அந்த மிச்சத்தைத்தான். ஆறாம் அங்கம் முழுக்க ராஜா வெந்துபோகிறான், வசந்த விழாவை நிறுத்துகிறான், அவளைப் படமாக வரைந்துவைத்து அதன் முன்னால் புலம்புகிறான். ஏழாம் அங்கத்தில் நேரில் பார்த்ததும் காலில் விழுகிறான். சகுந்தலை, இது என் பழைய வினை என்று சொல்லி அவனை எழுப்புகிறாள். அப்போது அவன் விரலில் அந்த மோதிரத்தைப் பார்க்கிறாள். அவன் அதைத் திரும்ப அவளுக்குப் போட்டுவிடப் பார்க்கிறான், அவளோ இதை நான் நம்பமாட்டேன், நீங்களே போட்டுக்கொள்ளுங்கள் என்கிறாள். சாபம் ஒன்று இருந்தது என்று மாரீச முனிவர் சொல்லி அவளுக்குத் தெரியவருவது இதற்கெல்லாம் பிறகுதான். அதாவது மன்னிப்பு முதலில் வருகிறது, விளக்கம் பிறகு வருகிறது. ஆளை ஏற்றுக்கொண்டவள் மோதிரத்தை ஏற்கவில்லை, ஒரு தடவை கைவிட்ட பொருளை நம்பி இனி வாழமாட்டாள். செகண்ட் சான்ஸ் கதைக்கு இதைவிடக் கச்சிதமான ஒரு செய்கையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. உங்கள் ஹீரோவுக்கு ஏதாவது நியாயமான காரணம் கொடுத்திருந்தால், அம்மா சத்தியம் வாங்கிவிட்டாள், பாஸ் மிரட்டினான் என்று எதுவாக இருந்தாலும், அதை வாசகருக்குச் சொல்லுங்கள், ஆனால் மன்னிப்புக் கேட்கும் இடத்தில் அவன் அதைக் கேடயமாகத் தூக்கிப் பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

வில்லனே இல்லாமல் செய்து காட்டியது ஜேன் ஆஸ்டினின் 'பெர்சுவேஷன்'. அவர் இறந்த பிறகு 1817 டிசம்பரில் வெளிவந்தது. பத்தொன்பது வயதில் ஆன் எலியட், பணமும் பதவியும் இல்லாத ஒரு கடற்படைக்காரனோடு செய்துகொண்ட நிச்சயத்தை, அம்மா இடத்தில் இருந்த ஒரு பெண்மணியின் பேச்சைக் கேட்டு முறித்துக்கொள்கிறாள். எட்டு வருஷம் கழித்து அவன் கேப்டன் வென்ட்வொர்த்தாக, கையில் இருபத்தைந்தாயிரம் பவுண்டோடு வருகிறான், இன்னும் உள்ளுக்குள் கோபமாக. இங்கே பிரிவுக்கு இரண்டு காரணம்: அவள் தன் குரலை விட்டுக்கொடுத்துவிட்டாள், அவன் இரண்டாவது தடவை கேட்கவில்லை. இரண்டாவது காரணம் கடைசியில்தான் அவன் வாயாலேயே வருகிறது. பிரிந்த இரண்டாம் வருஷமே கையில் கொஞ்சம் பணமும் ஒரு கப்பலும் கிடைத்தபோது நான் கடிதம் எழுதியிருந்தால் பதில் போட்டிருப்பாயா என்று கேட்கிறான். போட்டிருப்பாள். மிச்ச ஆறு வருஷமும் தன் வீம்பில் போனது என்று அவனே ஒத்துக்கொள்கிறான்.

இந்த நாவலின் முடிவை ஆஸ்டின் ஒருமுறை எழுதி முடித்துவிட்டு, பிடிக்காமல் மாற்றி எழுதினார். 1816 ஜூலையில் எழுதிய பழைய முடிவின் கையெழுத்துப் பிரதி இன்னும் பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கிறது. அந்தப் பழைய முடிவில், ஆன் தன் உறவுக்காரனைக் கட்டிக்கொள்ளப் போகிறாள் என்ற வதந்தி உண்மையா என்று கேட்டுவரும்படி அட்மிரல் ஒருவர் வென்ட்வொர்த்தையே அனுப்புகிறார், அவன் தர்மசங்கடத்தோடு கேட்கிறான், அவள் இல்லை என்கிறாள், இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள், சுபம். இனிமையாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே இருவரும் எதுவும் செய்யவில்லை, மூன்றாவது மனிதர் ஒருவர் சேர்த்துவைக்கிறார். புது முடிவில் ஒரு விடுதி அறை, சுற்றிலும் ஆட்கள். ஆன் இன்னொரு கேப்டனோடு விவாதிக்கிறாள், நம்பிக்கையே போன பிறகும் அதிக காலம் நேசிப்பது ஆணா பெண்ணா என்று. பக்கத்து மேஜையில் வேறு ஏதோ கடிதம் எழுதுவதுபோல் உட்கார்ந்திருக்கும் வென்ட்வொர்த் அதைக் கேட்டுக்கொண்டே அவளுக்கு எழுத ஆரம்பிக்கிறான். அன்றைக்கு மற்றவர் குரலுக்கு அடங்கிப்போனவள் இன்றைக்குத் தன் மனதில் உள்ளதைத் தன் குரலில் சொல்கிறாள், அன்றைக்கு இரண்டாவது தடவை கேட்காதவன் இன்றைக்குப் பதில் என்னவாக இருக்கும் என்று தெரியாமலே கேட்கிறான். எந்த இரண்டு குறையால் பிரிந்தார்களோ அந்த இரண்டும் ஒரே அறையில், ஒரே சமயத்தில் தீர்கிறது. ஆஸ்டின் மாற்றியது ஏன் என்று யாரும் தனியாக விளக்கத் தேவையில்லை, இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தாலே தெரிந்துவிடும்.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். நீங்கள் சொன்ன சுருக்கத்தின்படி அவனுக்கு வேலை போய்விட்டது, அவளிடம் மறைத்தான், மூன்று மாதம் கழித்து வேறு யாரோ சொல்லி அவளுக்குத் தெரிந்தது, அவள் ஏன் மறைத்தாய் என்று ஒரு வார்த்தை கேட்காமல் கிளம்பிப் போய்விட்டாள். அருமையான காரணம் இது, வில்லன் தேவையே இல்லை. தோற்றுப்போனால் ஒளிந்துகொள்வது அவன் குணம், அடிபட்டால் கேள்வி கேட்காமல் முடிவெடுத்துவிடுவது அவள் குணம். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் மன்னிப்புக் காட்சியில் அவன் சொல்வது "அப்போ எனக்கு மெச்சூரிட்டி இல்ல, ஸாரி". இதை யார் வேண்டுமானாலும் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லலாம். மன்னிப்பில் தேதியும் இடமும் அவள் முகமும் இருக்க வேண்டும், அவன் அந்த நிமிஷத்தை மறக்கவில்லை என்பது அவளுக்குத் தெரிய வேண்டும். உதாரணத்துக்கு இப்படி:

"ஆபீஸ்ல எல்லாம் ஓகேவான்னு அன்னைக்கு நீ மூணு தடவை கேட்டே. மூணு தடவையும் ஓகேன்னேன். மூணாவது தடவை கேக்கும்போதே உனக்குத் தெரிஞ்சுடுச்சுன்னு எனக்குப் புரிஞ்சுது. அப்பவும் ஓகேன்னுதான் சொன்னேன்."

அவள் கொஞ்ச நேரம் எதுவும் சொல்லவில்லை. பிறகு, "அந்த மூணாவதுதான்" என்றாள்.

இங்கே அவன் ஸாரி என்ற வார்த்தையையே சொல்லவில்லை. அவளும் பரவாயில்லை என்று சொல்லவில்லை. ஆனால் வேலை போனதல்ல, தெரிந்த பிறகும் சொன்ன அந்தப் பொய்தான் காயம் என்று இருவருக்கும் ஒரே நேரத்தில் ஊர்ஜிதமாகிறது. அவளுடைய பங்குக்கும் இதேபோல ஒன்று வேண்டும். நம் எழுத்தாளர்கள் பெரும்பாலும் ஹீரோயினைச் சுத்தமாக வைத்துவிடுகிறார்கள், தப்பு முழுவதும் அவன் கணக்கு. அப்படியானால் மாற வேண்டியவன் அவன் ஒருவன்தான், அவள் சும்மா உட்கார்ந்து மார்க் போட வேண்டியதுதான், பாதிக் கதை படுத்துவிடும்.

மன்னிப்பு மட்டும் போதாது, பேச்சுதானே. அதே நிலைமை திரும்ப வர வேண்டும், அதுவும் இருவரும் சேர்வதற்கு முன்பே வர வேண்டும், அது ஒரு பரீட்சை என்று அவர்களுக்கே தெரியக்கூடாது. இப்போது அவன் சொந்தமாகத் தொழில் செய்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரிய காண்ட்ராக்ட் ஒன்று ரத்தாகி மெயில் வருகிறது, பக்கத்தில் அவள் இருக்கிறாள், என்ன ஆச்சு என்று கேட்கிறாள். அவன் உடனே எல்லாவற்றையும் கொட்டிவிட்டால் அது நாடகத்தனம், மனிதன் அவ்வளவு சுலபமாக மாறுவதில்லை. பழக்க தோஷத்தில் "ஒண்ணுமில்ல" என்று சொல்லட்டும். போனைக் கவிழ்த்து வைக்கட்டும், எழுந்து வாசல்வரை போகட்டும். திரும்பி வந்து, "ஒண்ணுமில்லன்னேன்ல, பொய். காண்ட்ராக்ட் போயிடுச்சு. இப்ப எதுவும் கேக்காதே, ராத்திரி உக்காந்து சொல்றேன்" என்று சொல்லட்டும். அவளுடைய பரீட்சை அந்த ராத்திரிவரை காத்திருப்பது, நடுவில் யாரிடமும் விசாரிக்காமல், தானே முடிவுகட்டாமல். ஒரு பக்கத்தில் முடிகிற காட்சி இது. ஆனால் இதைப் படித்துவிட்டு "இவங்க ஏன் சேர்ந்தாங்க" என்று யாரும் கேட்கமாட்டார்கள்.

ஃபிளாஷ்பேக் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஆன்லைனில் யூடி (அப்டேட்) போட்டுத் தொடராக எழுதுகிற பலர் பிரிவின் காரணத்தை முப்பதாவது எபி (எபிசோட்) வரை இழுக்கிறார்கள், சஸ்பென்ஸ் இருந்தால்தான் ஆட்கள் தொடர்ந்து வருவார்கள் என்று. அதில் ஒரு சிக்கல் உண்டு, நீங்கள் மறைக்க மறைக்க வாசகர் தன் மனதில் பெரிய பெரிய காரணங்களைக் கட்டிக்கொண்டே போவார், கடைசியில் நீங்கள் சொல்வது எதுவாக இருந்தாலும் "இதுக்குத்தானா" என்று ஆகிவிடும். என் யோசனை, என்ன நடந்தது என்பதைக் கதையின் முதல் கால்பகுதிக்குள் சொல்லிவிடுங்கள், ஏன் அவ்வளவு வலித்தது என்பதைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே சொன்ன மூன்றாவது தடவை மாதிரி. வேலை போனதை மறைத்தான் என்று நமக்கு ஆரம்பத்திலேயே தெரியும், அந்த மூன்றாவது கேள்வி மட்டும் கடைசிவரை தெரியாது.

இடைப்பட்ட வருஷங்களை நிறையப் பேர் காலியாக விட்டுவிடுகிறார்கள். ஹீரோவுக்குப் பணம் வந்திருக்கும், ஹீரோயினுக்குக் கண்ணீர், அவ்வளவுதான். அவனுக்கு நாலு தோழிகள் இருந்திருக்கலாம், அவள் மட்டும் அவன் நினைவிலேயே உறைந்துபோய்க் காத்திருக்க வேண்டும் என்கிற எழுதாத சட்டத்தை தயவுசெய்து உடைத்துவிடுங்கள். அந்த வருஷங்களில் அவளும் வேறு ஆளாகியிருக்க வேண்டும். இந்த வகைக் கதைக்கு இருக்கிற பெரிய வசதியும் அங்கேதான் இருக்கிறது: முதல் காதல் கதையில் இருவருக்கும் ஒருவரைப் பற்றி ஒருவருக்கு ஒன்றும் தெரியாது, இங்கே எல்லாம் தெரியும், ஆனால் தெரிந்ததில் பாதி பழசாகிவிட்டது. பஸ்ஸில் ஏறியதும் அவளுக்கு ஜன்னலோரம் பிடிக்கும் என்று அவன் தானாக ஒதுங்கி வழிவிடுகிறான். அவள் இப்போதெல்லாம் ஜன்னலோரம் உட்காருவதில்லை. சொல்வதா, சும்மா போய் உட்கார்ந்துகொள்வதா என்று ஒரு நொடி யோசிக்கிறாள். இந்த ஒரு நொடியை வேறு எந்த வகைக் காதல் கதையிலும் எழுத முடியாது. 1930, 40களில் ஹாலிவுட்டில் விவாகரத்துக்குப் போன ஜோடிகள் திரும்பச் சேர்கிற காமெடிப் படங்கள் வரிசையாக வந்தன, ஸ்டான்லி கேவல் என்ற தத்துவப் பேராசிரியர் 1981இல் அவற்றைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதினார். அந்தப் படங்கள் ஓடுவதே இந்தச் சரக்கில்தான், எங்கே குத்தினால் வலிக்கும், எங்கே தொட்டால் சிரிப்பு வரும் என்று இருவருக்கும் அத்துப்படி, அதனால்தான் அந்த வாக்குவாதம் அவ்வளவு சுவையாக இருக்கிறது.

குழந்தை விஷயம், ஒரே வரியில்: குழந்தைக்காகச் சேர்ந்தார்கள் என்று முடிப்பது சுலபம், ஆனால் அது பெற்றோர் கதை, காதல் கதை அல்ல.

அப்புறம், சேரவே கூடாத ஜோடிகளும் உண்டு. ஆன்டி ஹீரோ என்ற பெயரில் அடித்தவன், அடைத்துவைத்தவன், விருப்பமில்லாமல் தொட்டவன் எல்லாம் கடைசி ஐந்து எபியில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக் கண்ணீர் விட்டதும் ஹீரோயின் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொள்கிற கதைகளுக்கு லைக் குவிகிறது, தெரியும். இருந்தாலும் சொல்கிறேன், அது காதலுக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு அல்ல, அடிக்குக் கிடைத்த இரண்டாவது வாய்ப்பு. உடம்புக்கு முடியாமல் போவது மனம் திருந்தியதற்குச் சாட்சியே இல்லை. குணமாகி எழுந்த பிறகு அவன் என்ன செய்வான் என்பதை நீங்கள் காட்டவில்லையே.

பெரிய தப்புச் செய்தவனை ஏற்றுக்கொள்கிற கதை எழுதித்தான் ஆக வேண்டும் என்றால், அவளுக்குப் பேச ஒரு இடம் கொடுங்கள். சிலப்பதிகாரத்தில் மாதவியை விட்டு வந்த கோவலனிடம் கண்ணகி புகாரில் ஒரு கேள்வியும் கேட்பதில்லை, சிலம்பு இருக்கிறது எடுத்துக்கொள்ளுங்கள் என்கிறாள். வாயில்லாப் பூச்சி என்று நாம் நினைத்துவிடுகிறோம். ஆனால் மதுரையில், கொலைக்களக் காதையில், அவன் தானே தன் தப்பை எல்லாம் சொல்லி, நான் கூப்பிட்டதும் எழுந்து வந்தாயே என்று உருகும்போது அவள் சொல்கிறாள், "போற்றா ஒழுக்கம் புரிந்தீர்" என்று. அழவில்லை, கத்தவில்லை, நீர் செய்தது யாரும் மெச்சாத காரியம் என்று நேராகச் சொல்லிவிட்டு, மாறாத மனம் எனக்கு, அதனால் எழுந்து வந்தேன் என்கிறாள். எவ்வளவு தாமதம், எவ்வளவு சின்ன வாக்கியம் பாருங்கள். அந்த வரி இல்லாமல் இருந்திருந்தால் அவர்கள் சேர்ந்து நடந்து வந்த அந்த வழி முழுவதும் வெறும் பொறுமைக் கதையாகத்தான் இருந்திருக்கும். அடுத்து நடப்பது எல்லோருக்கும் தெரியும், அங்கே இரண்டாவது வாய்ப்பை ஊர் பறித்துக்கொண்டது. ரொமான்ஸ் எழுதுகிறவர்கள் அந்த முடிவைத் தொட முடியாது, இந்த வகையைத் தேடி வருகிறவர் சுப முடிவை நம்பித்தான் வருகிறார்.

கடைசியாக எபிலாக், அதாவது கதை முடிந்த பிறகு சேர்க்கிற அந்தச் சின்ன முடிவுரைக் காட்சி. இரட்டைக் குழந்தை, பெரிய வீடு, எல்லோரும் சிரிக்கிற போட்டோ, இதெல்லாம் இருக்கட்டும், பிடித்தவர்களுக்குப் பிடிக்கும். ஆனால் உங்கள் கதைக்கு நான் ஒரு சண்டை வைக்கச் சொல்வேன். வள்ளுவரே காமத்துப்பாலை ஊடலுவகையில்தான் முடித்தார். ஏதாவது அற்ப விஷயம் போதும், பில் கட்ட மறந்துவிட்டான், ஞாபகம் இருக்கா என்று அவள் கேட்டபோது கட்டிட்டேன் என்று வாய்தவறிச் சொல்லிவிட்டான். அவள் பையை எடுத்துத் தோளில் மாட்டுகிறாள். பழைய வாசகருக்கு அந்தப் பையைப் பார்த்ததும் பக்கென்று இருக்கும். "நான் போய் ஒரு ரவுண்டு நடந்துட்டு வரேன், வந்து சண்டை போடறேன், தூங்கிடாதே" என்று சொல்லிவிட்டுக் கிளம்பட்டும். ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் போகாதீர்கள், அவள் திரும்பி வருவதை எழுதத் தேவையில்லை.